ஸ்டோரேஜ் வேலையை ஸ்கிரிப்ட் கையில் கொடுப்பதற்கு முன்

ஸ்டோரேஜ் அட்மின் வேலையை ஏபிஐ வழியாக, அதாவது ஸ்டோரேஜோடு ஸ்கிரிப்ட் நேரடியாகப் பேசும் வழியில், ஆட்டோமேட் செய்துவிடலாம் என்று உங்கள் ஆபீஸிலும் பேச்சு ஆரம்பித்திருந்தால், இறங்குவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மேனுவலில் எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வரும் என்று இருக்கிறதே தவிர, எங்கே கால் இடறும் என்று இல்லை.

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் நடுத்தரமான ஒரு கம்பெனியில் வேலை. சர்வர்களுக்கெல்லாம் டிஸ்க் இடம் கொடுக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள் இரண்டு, பேரிடர் வந்தால் பயன்பட (டிஆர்) வேறொரு ஊரில் ஒன்று. எந்தக் கம்பெனியின் பெட்டி என்று சொல்லப்போவதில்லை, நான் பட்ட பாடு எந்தப் பெட்டியிலும் படக்கூடியதுதான். முன்பு மூன்று பேர் பார்த்த வேலை. ஒருவருக்கு ஆன்சைட் கிடைத்தது, இன்னொருவர் சம்பளம் கூடக் கிடைக்கிறது என்று மான்யதா டெக் பார்க் பக்கம் போய்விட்டார். அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் எடுக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஏபிஐ இருக்காமே, ஒரு ஸ்கிரிப்ட் போட்டுட்டா முடிஞ்சதே" என்றார் மேனேஜர். பெட்டியை விற்றவர்களிடம் கேட்டால், ஆளை அனுப்பிச் செய்துகொடுக்க 6 லட்சத்துச் சொச்சம் கொட்டேஷன் அனுப்பினார்கள். அதைப் பார்த்ததும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் உள்ளூர ஆசைதான். தினமும் அதே திரையில் அதே பொத்தான்களை அழுத்தி வால்யூம் (சர்வருக்கு டிஸ்க்காகக் கொடுக்கும் இடம்) உருவாக்கி, அதைக் கேட்ட சர்வரோடு இணைத்து, அதாவது மேப் செய்து, டிக்கெட்டை மூடுவது எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. லேப்டாப்பில் உட்கார்ந்தபடி ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பும் ஒரு கர்ல் கட்டளை கொடுத்தேன். எங்கோ ரேக்கில் இருக்கும் பெட்டி தன்னிடம் உள்ள வால்யூம்களின் பட்டியலை ஜேசன் என்ற எழுத்து வடிவில் கொட்டியது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசியிருப்பேன். பைதானில் எழுதுவது பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் ஷெல் ஸ்கிரிப்ட் தெரிந்தவர் யாரும் சில வாரங்களில் பழகிவிடலாம். நேரம் தின்றது வாசலைத் தாண்டுவதுதான், அதாவது பெட்டிக்குள் லாகின் ஆவது. ஒவ்வொரு பெட்டிக்கும் வாசல் வேறு. டெல் யூனிட்டியில் கோரிக்கையோடு ஒரு தனி ஹெட்டரை அனுப்ப வேண்டும், எதையாவது மாற்ற வேண்டுமானால் முதலில் ஒரு டோக்கனை வாங்கி அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஹெச்பி 3பார் ஒரு செஷன் சாவி கொடுக்கும், வேலை முடிந்ததும் அதை நாமே அழித்துவிட்டு வர வேண்டும். ஐபிஎம் ஃப்ளாஷ்சிஸ்டம் போன்றவற்றில் 7443 என்ற போர்ட்டில் போய் டோக்கன் வாங்க வேண்டும். நெட்ஆப் பல வருடம் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு ஏபிஐ வைத்திருந்தது, 2019இல் 9.6 பதிப்பிலிருந்து ரெஸ்ட் என்ற வகை ஏபிஐக்கு மாறத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஸ்வோர்ட்ஃபிஷ் என்று ஒரு தரம் இருக்கிறது, ஸ்டோரேஜ் துறையின் எஸ்என்ஐஏ அமைப்பு கொண்டுவந்தது. ஆனால் தினசரி வேலைக்கு நீங்கள் போய் நிற்கப்போவது உங்கள் பெட்டியின் சொந்த ஏபிஐயில்தான். ஒரு கம்பெனியின் பெட்டிக்கு எழுதிய ஸ்கிரிப்ட் நாளை வேறு கம்பெனியின் பெட்டிக்கும் ஓடும் என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

முதலில் மாட்டியது அளவில். டேட்டாபேஸ் டீம் 10 டெராபைட் கேட்டது. ஸ்கிரிப்ட் பைட் கணக்கில் அனுப்ப வேண்டும். ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டே போனால் ஒரு எண், 1024ஆல் பெருக்கினால் வேறு எண். ஆயிரக் கணக்கில் போட்ட 10 டெராபைட்டை லினக்ஸ் 9.09 என்றுதான் காட்டும். "பத்து கேட்டோம், ஒன்பதுதானே வந்திருக்கு?" என்று மெயில் வந்தது. அதை விளக்கிப் புரியவைப்பதற்குள் ஒரு மதியம் போய்விட்டது. சில பெட்டிகள் அளவை பைட்டில்கூடக் கேட்காமல், 512 பைட் கொண்ட பிளாக்கில் கேட்கும். ஜியூஐயில், அதாவது பொத்தான் அழுத்தும் திரையில், எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகு எழுதியிருப்பதால் இத்தனை வருடம் இதை நினைத்தே பார்த்ததில்லை. இப்போது டிக்கெட் படிவத்திலேயே எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுகிறோம். பட்டியலிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. பல ஏபிஐகள் பட்டியலைப் பக்கம் பக்கமாகத்தான் தரும், அடுத்த பக்கத்துக்கான முகவரி பதிலின் கடைசியில் இருக்கும். அதைப் பின்தொடராவிட்டால் பாதி வால்யூம் இல்லாதது போலவே தெரியும். "பட்டியலில் இல்லை, அதனால் அழித்துவிடலாம்" என்று முடிவெடுக்கிற ஸ்கிரிப்ட் ஏதாவது வைத்திருந்தால் இன்றே திறந்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், பதில் எண். வால்யூம் உருவாக்கு என்று கேட்டால் பல பெட்டிகள் 202 என்று பதில் தரும். கோரிக்கையை வாங்கிக்கொண்டேன் என்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது. தர்ஷினி ஹோட்டலில் கவுன்டரில் காசு கொடுத்து பில் வாங்கிய மாதிரி, தோசை இன்னும் கல்லில்கூட ஊற்றியிருக்க மாட்டார்கள். 202 உடன் ஒரு ஜாப் எண் வரும். அந்த எண்ணை வைத்து விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெற்றி அல்லது தோல்வி என்று தெளிவாக வந்த பிறகுதான் அடுத்த படி. பூலில் (வால்யூம்களுக்கு இடம் ஒதுக்கும் தொகுப்பில்) இடமில்லை, பெயர் ஏற்கனவே இருக்கிறது போன்ற தோல்விகள் பல சமயம் அந்த ஜாப்பில்தான் தெரியவரும், முதல் பதிலில் தெரியாது. பெட்டியோடு வந்த மாதிரி ஸ்கிரிப்ட்டுகளில் இந்தக் காத்திருப்பே இல்லை. இன்னொன்று: நெட்வொர்க் தடுமாறி டைம்அவுட் ஆனால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பக் கூடாது. நடந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு வால்யூம் நிற்கும். டிக்கெட் எண்ணையே வால்யூம் பெயரில் சேர்த்துவிட்டால், திரும்ப முயலும் முன் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என்னை நிஜமாகவே கதிகலங்க வைத்தது தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தது.

எங்களிடம் மாதக் கடைசியில் ஒரு வேலை உண்டு. நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் படம்) எடுத்து, அதிலிருந்து குளோன், அதாவது தனி நகல், போட்டு, சோதனைக்கான யுஏடி சர்வருக்குக் கொடுக்க வேண்டும். டெஸ்டர்கள் புது டேட்டாவில் சோதிப்பார்கள். கையால் செய்த காலத்தில் இது அரைநாள் வேலை. நானும் லினக்ஸ் டீமில் இருக்கும் தம்பியும் போனில் பேசிக்கொண்டே செய்வோம். அவன் திருநெல்வேலிக்காரன், மடிவாளாவில் பிஜி விடுதியில் இருக்கிறான். "அக்கா, டேட்டாபேஸ் நிறுத்திட்டாங்க. அன்மவுன்ட் பண்ணிட்டேன். மல்டிபாத்ல இருந்தும் எடுத்துட்டேன். நீங்க உருவலாம்" என்பான். சர்வர் அந்த டிஸ்க்கையும் அதற்குப் போகும் பல வழிகளையும் விட்டுவிட்டது என்று அர்த்தம். நான் பழைய குளோனின் மேப்பிங்கை எடுப்பேன், புது குளோனைப் போட்டு மேப் செய்வேன். "இப்ப ஸ்கேன் பண்ணுப்பா" என்பேன். சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ஆட்டோமேஷன் வந்ததும் அவன் பக்க வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட், என் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரே டூலில் கோத்துத் தரலாமே என்று கேட்டோம். ஸ்டோரேஜ் பாஸ்வேர்டை லினக்ஸ் டீமின் சர்வரில் வைக்க செக்யூரிட்டி டீம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மேலே இருப்பவர்கள் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள்: அவன் ஸ்கிரிப்ட் இரவு 11 மணிக்கு, என்னுடையது 11.15க்கு. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. மேனேஜர் ரிவ்யூவில் கிராஃப் எல்லாம் போட்டுக் காட்டினார்.

அந்த வியாழக்கிழமை இரவு டேட்டாபேஸில் ஏதோ ஒரு செஷன் தொங்கிக்கொண்டு நின்றது, டேட்டாபேஸ் நிற்கவே இல்லை. அன்மவுன்ட் செய்யப் போனால் டிஸ்க் பிஸி என்று வந்தது, அவன் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட்டது. அது சரியான நடத்தைதான். 11.15க்கு என் ஸ்கிரிப்ட் எழுந்து, பழைய குளோனை உருவி, அழித்து, புது குளோனை அதே லன் எண்ணில் (சர்வர் டிஸ்க்கைத் தேடிப் போகும் முகவரி எண்) மேப் செய்துவிட்டது. பெட்டியிடம் ஒரு குறையும் இல்லை, எல்லா ஜாப்பும் வெற்றி. ஆனால் சர்வர் பழைய டிஸ்க்கையே பிடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸைப் பொறுத்தவரை அதே பாதை, அதே லன் எண். பின்னால் ஆள் மாறியது அதற்குத் தெரியாது. பழைய ஃபைல் சிஸ்டத்துக்கு எழுத வைத்திருந்ததைப் புது குளோனின் மேல் எழுத ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஃபைல் சிஸ்டம் எரர் மேல் எரர் கக்கிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. டேட்டாபேஸ் பிராசஸ்கள் கில் கொடுத்தாலும் போகாமல் உறைந்து நின்றன.

12 மணிக்கு அவனிடமிருந்து போன். "அக்கா, டிஸ்க் போயிடுச்சா? புரொடக்‌ஷனும் சேர்ந்து போயிருக்குமா?" எனக்குக் கை வெலவெலத்துவிட்டது. ஸ்கிரிப்ட்டில் அழிக்கும் கட்டளை இருக்கிறது. வால்யூம் பெயர்களில் புரொடக்‌ஷனுக்கும் யுஏடிக்கும் நடுவில் ஓரெழுத்துதான் வித்தியாசம், எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த பெயர். எது அழிந்தது என்று பார்க்க ஜியூஐயைத் திறந்தால் உள்ளே விடவில்லை. அதிகபட்ச செஷன்கள் பயன்பாட்டில் உள்ளன என்று ஒரு வரி. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவை லாகின் ஆகும்போதும் ஒரு செஷன் எடுக்கும், வெளியே வரும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். விற்றவர்கள் கொடுத்த மாதிரிக் கோடில் லாகின் இருந்தது, லாக்அவுட் இல்லை. தானாகக் காலாவதி ஆகும் வரை அவை அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். சப்போர்ட்டைக் கூப்பிட்டால் கேஸ் எண் கொடுத்துவிட்டு இசை போட்டார்கள். மகள் பக்கத்தில் தூங்குகிறாள், நான் இருட்டில் லேப்டாப் வெளிச்சத்தில் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கேஸ் நகர்வதற்கு முன்னாலேயே எஸ்எஸ்ஹெச் வழியாகக் கட்டளை வரிக்குள் போக முடிந்தது. பழைய செஷன்களைக் கையால் கொன்று, யார் என்ன செய்தார் என்று பதிவாகும் ஆடிட் லாகைப் பார்த்தேன். அழிந்தது யுஏடி குளோன் மட்டும்தான். புரொடக்‌ஷன் வால்யூம் பத்திரமாக இருந்தது. குளோனில் எதை எழுதினாலும் மூல வால்யூமைத் தொடாது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்க்கும் வரை மூச்சு வரவில்லை.

யுஏடி சர்வரை ரீபூட் செய்யாமல் அந்தப் பிராசஸ்களை விடுவிக்க முடியவில்லை. ரீபூட்டும் தொங்கி, கடைசியில் பவரை அணைத்துப் போட வேண்டியிருந்தது. புது குளோன் கெட்டுப்போயிருந்ததால் அதையும் அழித்து முதலிலிருந்து போட்டோம். டெஸ்டர்கள் சோதனைக்காக ஏற்றி வைத்திருந்ததெல்லாம் பழைய குளோனில் இருந்தது. ரிஃப்ரெஷுக்கு முன் அதை வெளியே எடுத்து வைப்பது அவன் ஸ்கிரிப்ட்டின் ஒரு படி, டேட்டாபேஸ் நிற்காததால் அது நடக்கவே இல்லை. டெஸ்டர்கள் பாதிப் பேர் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், நாள் கூலிக் கணக்கு. அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களுக்கு ஏஜென்சி முழு பில் போட்டது, எனக்குத் தெரிந்து லட்சத்தைத் தாண்டியது. என் கணக்கில் போனது வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவிலிருந்து மதுரைக்கு எடுத்திருந்த மூன்று பஸ் டிக்கெட். தீபாவளி நேரத்து ஆம்னி பஸ் விலை, ஒன்று ₹2,400. கடைசி நேரத்தில் கேன்சல் செய்ததால் ஒரு பைசா திரும்பவில்லை. அதைவிட, அம்மாவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னது. "சரி, வேலைய பாரு" என்றார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் விசாரணை மீட்டிங். யார் தப்பு என்று தேடினார்கள். இரண்டு ஸ்கிரிப்ட்டும் கொடுத்த வேலையைச் செய்தன. முன்பு போனில் அவன் சொன்ன "எடுத்துட்டேன்"தான் உண்மையான பூட்டு. நேரம் பிரித்தபோது அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கடிகாரத்தை மாட்டிவிட்டார்கள். பத்து நிமிடப் போன் பேச்சு வீண் என்று ரிவ்யூ ஸ்லைடில் எழுதியிருந்ததை நான் அந்த மீட்டிங்கில் எடுத்துக் காட்டினேன். அறையில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இப்போது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். லினக்ஸ் ஸ்கிரிப்ட் தன் வேலை முடிந்தால் மட்டும் ஒரு அடையாளக் கோப்பை எழுதி வைக்கும். அதில் தான் விடுவித்த டிஸ்க்குகளின் டபிள்யூடபிள்யூஐடி எண்கள், அதாவது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ள தனி அடையாள எண்கள், இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த எண்களைப் பெட்டியில் உள்ள வால்யூமின் சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தினால்தான் மேப்பிங்கைத் தொடும். கோப்பு இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் மெயில் அனுப்பிவிட்டுப் படுத்துவிடும். பெயரை நம்பி எதையும் அழிப்பதில்லை. புது குளோனுக்கு எப்போதும் புது லன் எண், பழைய எண்ணை உடனே மறுபடி கொடுப்பதில்லை. மேப்பிங்கை எடுத்ததும் அழித்துவிடுவதும் இல்லை. பெயரை மாற்றி ஒரு வாரம் ஓரமாக வைத்திருப்போம், யாரும் கத்தவில்லை என்றால் அப்புறம் அழிப்போம். சில பெட்டிகளில் இதற்குப் பெட்டியே ஒரு அவகாசம் தரும். நெட்ஆப்பில் அழித்த வால்யூம் இயல்பாக 12 மணி நேரம் மீட்பு வரிசையில் கிடக்கும், ப்யூர் ஸ்டோரேஜில் 24 மணி நேரம். உங்கள் பெட்டியில் எவ்வளவு என்று இன்றே பாருங்கள், பிரச்சினை வந்த பிறகு பார்க்கிற விஷயம் இல்லை இது. யாராவது அவசரப்பட்டு அதைப் பூஜ்யம் ஆக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஸ்கிரிப்ட்டுக்குத் தனி கணக்கு வாங்குங்கள். அட்மின் கணக்கைக் கொடுத்தால் எல்லாம் ஓடும், எல்லாம் அழியவும் முடியும். எங்கள் பெட்டியில் உருவாக்கவும் மேப் செய்யவும் மட்டும் உரிமை உள்ள கணக்கு ஒன்று, யுஏடி பகுதியில் மட்டும் அழிக்க உரிமை உள்ள கணக்கு இன்னொன்று. லாக்அவுட்டை பைதானில் ஃபைனலி பகுதியில் வையுங்கள், நடுவில் எரர் வந்தாலும் அது ஓடும். தான் யார் என்று காட்டப் பெட்டி கொடுக்கும் சான்றிதழ் பெரும்பாலும் அதுவே தனக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டதாக இருக்கும், பைதான் அதை ஏற்காது. வலையில் தேடினால் எல்லோரும் சரிபார்ப்பை அணைத்துவிடச் சொல்வார்கள். கம்பெனிக்குள் சான்றிதழ் வழங்கும் சிஏ சர்வரிடம் சான்றிதழ் வாங்கிப் போடுவது ஒரு நாள் வேலை, அதைச் செய்துவிடுங்கள். அப்புறம், பெட்டியின் ஏபிஐ பெட்டியோடு முடிந்துவிடும் என்பதை மேனேஜருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சில் ஜோனிங் (எந்த சர்வர் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்று வரையறுப்பது), சர்வரில் ரீஸ்கேன், மல்டிபாத் எல்லாம் தனித்தனி வேலை. "எல்லாத்துக்கும் ஏபிஐ இருக்காமே" என்பதில் அந்த எல்லாம் சேராது.

பழகுவதற்கு நிஜப் பெட்டி வேண்டியதில்லை. நெட்ஆப்புக்கு சிமுலேட்டர் உண்டு, டெல் யூனிட்டிக்கு விர்ச்சுவல் மெஷினாகவே ஓடும் பதிப்பு உண்டு. விற்பவர்களிடம் பேரம் பேசும்போதே சிமுலேட்டர் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை செஷன் தாங்கும், ஜாப் விவரத்தை எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கைமாறிய பிறகு அந்தக் கேள்விகளுக்கு சப்போர்ட் கேஸ் எண்தான் பதிலாக வரும்.

ஃபர்ம்வேர் மாற்றம் இன்னொரு தலைவலி. புதுப் பதிப்பில் பதிலில் வரும் ஒரு புலத்தின் பெயர் மாறலாம், பழைய ஏபிஐ அழைப்பு காணாமல் போகலாம். இப்போது அப்கிரேடுக்கு முன் டிஆர் பெட்டியை முதலில் மாற்றி, ஸ்கிரிப்ட்டுகளை எழுதாமல் படிக்க மட்டும் விடும் முறையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறோம். அடுத்த அப்கிரேடு பொங்கல் கழிந்து வருகிறது. எந்தெந்த அழைப்புகள் மாறுகின்றன என்று பட்டியல் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை நினைவூட்டியாகிவிட்டது. பதில் வரும் வரை தேதி கொடுக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.